பேஸ் கிட்டாரின் கழுத்தை வளைத்த காதை

மார்ச் 4, செவ்வாய்

உலகத்திலுள்ள கோணல் மூக்குகள் எல்லாம் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றி இன்று எம் கண்ணாடிக் கடைக்கு வந்து சேர்ந்தன. ஒரு காது மேலே, ஒரு காது கீழே, நடுவில் மூக்கு தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம். ஆனால் கண்ணாடி மட்டும் நேராக உட்கார வேண்டுமாம். உட்கார வைத்தேன். ஹீட்டரின் சூடான காற்றில் பிரேமைக் காட்டு, இளகியதும் வளை, மூக்கில் வைத்துப் பார், மறுபடி காட்டு, மறுபடி வளை. யாம் இதுவரை வளைத்து நிமிர்த்திய பிரேம்களை அடுக்கினால் நிலவு வரை போய்த் திரும்பி வரலாம்.

ஒரே ஆறுதல், பார்வைச் சோதனைப் பலகை. அதன் கடைசி வரிக்குக் கீழே எறும்பு அளவு எழுத்தில் யாம் சொந்தமாக ஒரு வரி எழுதி ஒட்டியிருக்கிறோம்: ‘இதைப் படிக்க முடிந்தால் உமக்குக் கண்ணாடி வேண்டாம், வீட்டுக்குப் போம்.’ இன்றுவரை ஒருவரும் படித்ததில்லை. வியாபாரம் பத்திரம்.

மாலையில் வாண்டு வந்தாள். தங்கை மகள். பெரிய வேலைக்குப் போகிறாள், இருந்தாலும் எனக்கு வாண்டுதான். தோளில் பேஸ் கிட்டார் உறை. வந்ததும் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். சரி செய்யுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. முதல் கண்ணாடி போட்ட நாளிலிருந்து அவள் வழக்கம் அது. நானும் பேசிக்கொண்டே அதன் வலது கையை நிமிர்த்திக் கொடுத்தேன்.

வேலைப் பயிற்சிக்காக வெளியூர் போகிறாளாம், மாதக் கடைசியில்தான் வருவாள். வந்ததும் அவளும் தோழிகளும் அவர்களுடைய பாட்டுகளைப் பதிவு செய்யப் போகிறார்கள். அதுவரை கிட்டார் என் பொறுப்பு.

“சும்மா வெச்சா அதுக்கு ஏக்கம் வந்துடும் மாமா. தினமும் கொஞ்சம் வாசிங்க. பத்திரம். எத்தனையோ எடுத்துப் பாத்துட்டேன், என் கைக்குப் பொருந்துற கழுத்து இது ஒண்ணுதான்.”

அவள் கை சின்னது. கழுத்தும் அதற்கேற்ற ஒல்லி. பரணில் கிடக்கும் என் பேஸ் கிட்டாரின் கழுத்தோடு ஒப்பிட்டால் அது தூண், இது கொடி. உயிரைக் கொடுத்தும் காப்பேன் என்று சபதம் செய்தேன். பின்னணியில் முரசு மட்டும்தான் ஒலிக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

வாசித்தேன். பக்கத்து வீட்டுச் சுவர் தாளம் போட்டது. வீட்டம்மா அது சுவர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் என்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

மச்சானின் மெத்தைக் கிடங்கில் ஒத்திகை. மச்சான் என்பவன் வீட்டம்மாவின் தம்பி; டிரம்ஸ் வாசிப்பதால் அவனுக்கு இடி என்று பெயர் வைத்தோம். பாடுவது பல் டாக்டர். யாம் பேஸ். மூவரும் சேர்ந்தால் அது ஒரு இசைக்குழு என்று எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும். வருகிற சனிக்கிழமை வியாபாரிகள் சங்க ஆண்டு விழாவில் வாசிக்கிறோம்.

பேஸ்காரன் பிழைப்பைப் பற்றி ஒரு காவியமே எழுதலாம். டாக்டர் முன்னால் நின்று கையை ஆட்டுவார். இடி கண்ணை மூடி வானத்தைப் பிளப்பான். நான் ஓரமாக நின்று டும், டும். ஊரே சாப்பிட்டாலும் தட்டு யார் கழுவினார்கள் என்று எவனும் கேட்பதில்லை. அந்த இனம் நாங்கள்.

ஆனால் இன்று சரித்திரம் புரண்டு படுத்தது. தடித்த கம்பியைத் தட்டிவிட்டு, வாண்டுவின் கிட்டார் உடலை இடுப்போடு அணைத்துக்கொண்டு, அதன் தலையை இடது கையால் முன்னால் தள்ளினேன். கம்பி தளர்ந்து சுரம் அப்படியே பாதாளத்துக்கு இறங்கியது. பின்னால் இழுத்தேன். ஏறியது. தள்ளினால் இறக்கம், இழுத்தால் ஏற்றம். ஆயிரம் யானைகள் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டால் எப்படி இருக்கும்? அப்படி.

சுற்றிலும் மெத்தை. சத்தத்தில் பாதியை அவை விழுங்கிவிடுகின்றன. அதனால் கொட்டாவி சரியாகக் காதில் விழ இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம்.

“அத்தான், அது கழுத்து. கியர் கம்பி இல்ல” என்றான் இடி.

பொறாமை.

மார்ச் 12, புதன்

கொட்டாவியை வீட்டிலும் பயிற்சி செய்தேன். “அந்தப் பொண்ணு பாத்தா என்ன சொல்லுவா?” என்று வீட்டம்மா கேட்டாள். பார்த்தால் பிரமித்துப் போவாள் என்றேன். பதில் பேசாமல் போய்விட்டாள். பதில் பேசாமல் போவதில் அவளை வெல்ல ஆளில்லை.

மார்ச் 15, சனி

வென்றோம். வென்றேன் என்பதே சரி.

மூன்றாவது பாட்டின் முடிவில் கொட்டாவியை அவிழ்த்துவிட்டேன். அரங்கமே நிமிர்ந்தது. முன் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த சங்கத் தலைவர் விழித்து, எழுந்து, என்ன நடந்தது என்று தெரியாமலே கை தட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். கூரை இரண்டடி மேலே போய் மறுபடி வந்து உட்கார்ந்தது. டாக்டர் பாடிய போது கிடைத்த கைதட்டல் இதன் தூசிக்குக் காணாது.

இன்னொரு தரம் கேட்டார்கள். செய்தேன். மூன்றாவது தரம் யாரும் கேட்கவில்லை. அதையும் செய்தேன்.

அந்த மூன்றாவது தரம் மரத்துக்குள் ஒரு சின்னச் சத்தம். விரல் சொடுக்கின மாதிரி. மேடைப் பலகையாக இருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

மேடைப் பலகை இல்லை.

உறையிலிருந்து எடுத்துச் சுருதி பார்த்தேன். நாலு கம்பியும் நாலு திசையில். போனில் சுருதி காட்டும் செயலியைப் பார்த்துப் பார்த்துச் சரி செய்தேன். தேநீர் குடித்துவிட்டு வந்தால் மறுபடி இறங்கிக் கிடக்கிறது. அது மட்டுமா, மெல்லிய கம்பி கழுத்தின் ஓரத்துக்கு நகர்ந்து விளிம்பில் தொங்குகிறது. விரல் வைத்தால் வழுக்கிக் கீழே விழுகிறது. நேற்று வரை நடுவில் ஒழுங்காகப் போன கம்பி! யார் தள்ளியது?

யார் தள்ளியது என்று கேட்கிறேன் பார். என்னிடமே.

மார்ச் 18, செவ்வாய்

மறுபடி சுருதி. மறுபடி இறக்கம். போனில் பச்சை விளக்கு வர வேண்டும்; எனக்கு மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்பு விளக்கு என் கனவிலும் வந்து சிவக்கும் போலிருக்கிறது. இன்று கடையில் ஒரு அம்மாவுக்குத் தூரப்பார்வைக்குப் பதில் கிட்டப்பார்வைக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, தெருமுனை வரை ஓடிப் போய் வாங்கி வந்தேன்.

அதோடு வாண்டு போன் செய்தாள். பயிற்சி, சாப்பாடு, அறைத்தோழியின் குறட்டை எல்லாம் சொல்லிவிட்டு, “என் ஆளு எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“ராஜா மாதிரி இருக்கு” என்றேன்.

எந்த ராஜா என்று அவள் கேட்கவில்லை. தோற்ற ராஜா.

மார்ச் 20, வியாழன்

ஆராய்ச்சியில் இறங்கினேன். பிரேம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையிலிருந்து உடல் வரை கழுத்தின் நீளத்தைப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டேன்! வளைந்திருக்கிறது. மயிரிழை அளவுதான், ஆனால் நடுவில் குழி. அரை மில்லிமீட்டர் கோணலைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும் கண் இது. இதனிடமா கழுத்து ஏமாற்றும்?

இடி வந்து பார்த்தான். “பின்னாடி நாலு திருகு இருக்கே அத்தான், அதப் பாத்தீங்களா? ஒடம்பையும் கழுத்தையும் அதுதான் பிடிச்சிட்டிருக்கு.”

மெத்தை விற்பவன் எனக்குத் திருகைப் பற்றிச் சொல்கிறான். மூக்கு நுனியில் வைத்துத் தும்மினால் தொலைந்துபோகும் அளவு திருகுகளோடு வாழ்க்கை நடத்துகிறவன் நான். இது திருகு விவகாரம் இல்லை, வளைவு விவகாரம் என்று விளக்கினேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். அக்காவும் தம்பியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

வளைவு என்றால் உலகத்தில் யாரிடம் போக வேண்டும்? எம்மிடம்தான். நாளைக்கு மதியம் கடை சாத்தும் நேரம்.

மார்ச் 21, வெள்ளி

என்ன செஞ்சு வெச்சிருக்கேன் நான்.

வரிசையாக எழுதுகிறேன். 

மதியம் கடையைச் சாத்தினேன். கம்பிகளைக் கழற்றினேன். ஹீட்டரைப் போட்டு, பிரேமைக் காட்டுவது போலவே கழுத்தை மெதுவாக, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று காட்டினேன். மரம் சூடேறியது. கடை முழுக்க வார்னிஷ் வாசனை. இளகும் என்று பார்த்தேன், இளகவில்லை. இன்னும் காட்டினேன். பிறகு மேஜை விளிம்பில் வைத்து, துணியைச் சுற்றி, குழி நிமிரும் பக்கமாக அழுத்தினேன். இணங்கியது! கையில் அந்த இளக்கம் தெரிந்தது. பிரேம் இளகும்போது வருமே, அதே இளக்கம். ஒரு நொடி எனக்கு அவ்வளவு பெருமை.

இளகினது மரம் இல்லை. பசை.

விரல் வைத்து வாசிக்கும் மேல்பலகை கழுத்தோடு பசை போட்டு ஒட்டியிருக்கிறது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. எல்லாம் ஒரே மரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தலைப் பக்கத்து ஓரத்தில் பலகை வாயைத் திறந்துவிட்டது. ஒரு விசிட்டிங் கார்டு உள்ளே போகிறது. போட்டுப் பார்த்தேன். ஏன் போட்டுப் பார்த்தேன்? போகாது என்று இருக்காதா என்றுதான்.

கழுத்து இப்போது எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கிறது. ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டியதே இல்லை. யார் பார்த்தாலும் தெரியும்.

மூணு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். திறக்கவில்லை.

மார்ச் 22, சனி

ஒன்றும் எழுதுவதற்கில்லை. பலகையின் வாய் இன்னும் மூடவில்லை. என் வாய்தான் மூடியிருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் செருப்பு ஒட்டும் பசைக் குழாயோடு உட்கார்ந்தேன். மூடியைத் திறக்கப் போனேன். வீட்டம்மா வந்தாள். கிட்டாரைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குழாயைக் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

“போதுங்க. நீங்க சரி பண்ணது வரைக்கும் போதும்.”

திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வசனம் பேசியிருக்கலாம். சன்னமாகச் சொன்னாள். 

பிறகு அவளே தம்பிக்குப் போன் செய்து, வாத்தியம் பழுதுபார்க்கிறவரின் முகவரியை வாங்கிக் கொடுத்தாள்.

மார்ச் 25, செவ்வாய்

பழுதுபார்ப்பவர் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறார். உடைந்த வயலின், தலையில்லாத கிட்டார், பல் போன கீபோர்டு எல்லாம் சுற்றிலும் வார்டு போலப் படுத்திருக்கின்றன. ஆள் பயங்கர அலட்டல். தான் தொட்டால் விறகும் பாடும் என்கிறார். அளந்துவிடுவதில் என்னையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் போட்டியே வைத்திருப்போம். இன்று எனக்குத் தெம்பில்லை.

கிட்டாரைத் திருப்பினார். பின்னால் உள்ள நாலு திருகுகளையும் விரலால் தொட்டார். விரலாலேயே சுழன்றன.

“இதுதான் தளர்ந்திருக்கு. தலையப் பிடிச்சு ஆட்டினா கழுத்து அதோட குழியில நகரும், திருகு விடும். அப்புறம் எங்க சுருதி நிக்கும், கம்பி ஓரத்துக்குத்தான் போகும். கழுத்த இடத்துல வெச்சு, திருகை இறுக்கியிருந்தா தீந்துது.”

“நடுவுல குழி இருந்துதே?”

“இருக்கணும். கம்பி ஆடுறதுக்கு இடம் வேணாமா? குழி இருந்தாத்தான் அது நல்ல கழுத்து.”

கொட்டகைக் கூரை என் தலையில் இறங்கியது போல இருந்தது. மிகைப்படுத்தவில்லை. அப்படித்தான் இருந்தது. நல்ல கழுத்தை நான் நிமிர்த்தியிருக்கிறேன். நோய் பின்னால், நான் வைத்தியம் பார்த்தது முன்னால். இடி சொன்னான். இடிகூடச் சொன்னான்!

“இத யாரு சூடு பண்ணது?” என்று கேட்டார்.

ஒரு முட்டாள் என்றேன். பேர் கேட்கவில்லை.

பலகையை முழுக்கக் கழற்றி, கழுத்தை நிமிர்த்தி, மறுபடி ஒட்டி, இறுக்கிப் பிடித்துக் காயவிட வேண்டுமாம். அவசரப்படுத்தினால் மறுபடி வாய் திறக்குமாம். பதிவு நாளுக்குள் ஆகுமா என்றேன். ஆனால் அதிர்ஷ்டம் என்றார். பழையபடி ஆகுமா என்றேன். தன் திறமையைப் பற்றி அவ்வளவு நேரம் அளந்தவர், இதற்கு மட்டும் அளக்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

வாண்டு ஞாயிறு வருகிறாள். பதிவு அடுத்த சனி.

என் மூளை வேலை செய்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. திருடு போய்விட்டது என்று சொல்லலாம். கூரை ஒழுகியது என்று சொல்லலாம். இடி அதன் மேல் உட்கார்ந்துவிட்டான் என்று சொல்லலாம், அவன் உடம்பைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். இந்த மூன்றாவதை இடியிடமே சொல்லிப் பார்த்தேன். “என்ன வேணா சொல்லுங்க அத்தான், நான் வாயத் திறக்க மாட்டேன்” என்றான். அவன் மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டம்மா காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“அவ உங்ககிட்ட குடுத்துட்டுப் போனா. நீங்களே சொல்லுங்க.”

மார்ச் 30, ஞாயிறு

சொன்னேன்.

பெட்டியைக்கூட வைக்கவில்லை, நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கிட்டாரைத் தேடி அறையின் மூலைகளைப் பார்த்தாள். “எங்க மாமா?”

யானைகள், கைதட்டல், சங்கத் தலைவர் எல்லாவற்றையும் அலங்காரமாகச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அலங்காரம் உதிர்ந்துவிட்டது. தலையைத் தள்ளினேன். திருகு விட்டுவிட்டது. எனக்குப் புரியவில்லை. வளைந்திருக்கிறது என்று நினைத்துச் சூடு காட்டினேன்.

“ஹீட்டர்லயா?”

“ஆமா.”

“கடை ஹீட்டர்லயா மாமா?”

“ஆமாம்மா.”

“நான் போன்ல கேட்டப்போ?”

“அப்போ திருகு மட்டும்தான் போயிருந்துது.”

இந்த ஒரு வாக்கியத்தை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் போனிலேயே சொல்லியிருப்பாள், திருகைப் பாருங்கள் மாமா என்று. அவள் வாத்தியம், அவளுக்குத் தெரியாதா?

புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். உலகத்திலேயே நல்லதாக என்றேன். இன்னும் ஏதேதோ சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாம் என்று.

பயணத்தில் எங்கோ நசுங்கியிருக்கும், கண்ணாடியின் வலது கை தொய்ந்து மூக்கில் கோணலாக உட்கார்ந்திருந்தது. கை தன்னால் நீண்டது. இத்தனை வருஷப் பழக்கம். அவள் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

“பரவாயில்ல மாமா. இருக்கட்டும்.”

போய்விட்டாள்.

ஏப்ரல் 2, புதன்

தங்கை போன் செய்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. வாண்டு யாரிடமோ இரவல் கிட்டார் வாங்கியிருக்கிறாளாம். பெரிய கழுத்தாம், கை எட்டாமல் விரல் வீங்கியிருக்கிறதாம். என்னிடம் ஏன் இதைச் சொல்கிறாள்? எனக்குத் தெரியட்டும் என்றுதான்.

பரணிலிருந்து என் பழைய கிட்டாரை இறக்கினேன். தலையைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. இதை வைத்து என்ன கொட்டாவி வேண்டுமானாலும் விட்டிருக்கலாம், ஒன்றும் ஆகியிருக்காது. இது அசையாது என்பதால்தானே அதை எடுத்தேன்.

திரும்ப மேலே ஏற்றிவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

பதிவு இன்று. என்னை யாரும் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிட வேண்டும்?

கடையில் மூன்று பிரேம் வளைத்தேன். ஒவ்வொன்றிலும் ஹீட்டரைப் பத்து தரம் அணைத்து அணைத்துப் போட்டேன். ஒருவர், “என்ன சார், உங்களுக்கே பயமா இருக்கா?” என்று சிரித்தார். அடுத்த பிரேமை எடுத்தேன். 

ஏப்ரல் 8, செவ்வாய்

கிட்டார் தயார் என்று பழுதுபார்ப்பவர் கூப்பிட்டார். வாண்டுவுக்குச் சொல்லி அனுப்பினேன். தனியாகப் போய் வாங்கிக்கொள்கிறேன் என்பாள் என்று நினைத்தேன், நான் இருக்கும்போதே கொட்டகைக்கு வந்தாள். கண்ணாடி அதே கோணல். பேருந்து நிறுத்தம் வரை ஒன்றாகத்தான் நடந்தோம், ஆளுக்கு ஒரு ஓரமாக.

அதற்கு முன் கொட்டகையிலேயே உட்கார்ந்து வாசித்துப் பார்த்தாள். முதலில் கண்ணை மூடி, கழுத்தை மேலும் கீழும் கையால் தடவினாள். பிறகு ஒவ்வொரு கம்பியாக, ஒவ்வொரு இடமாக. நன்றாகத்தான் வந்தது. நான் மூச்சு விட்டேன். கழுத்தில் விரல் வைக்கும் ஐந்தாவது கட்டத்துக்கு வந்தாள். டுப் என்றது. அடுத்த கம்பியிலும் அதே இடத்தில் டுப். மறுபடி தட்டினாள், இன்னும் மெதுவாக. போர்வைக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது மாதிரி.

“அது அப்படித்தான்” என்றார் பழுதுபார்ப்பவர். “சூடு பட்ட எடம். இதுக்கு மேல தோண்டினா மத்ததும் போயிடும்.”

அவள் சரி என்றாள். அவருக்கு நன்றி சொன்னாள். உறையில் போட்டுத் தோளில் மாட்டினாள். நான் தூக்கி வரவா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று இப்போது உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பேருந்து வந்ததும், “அந்தக் கட்டத்துலதான் என் பாட்டு ஆரம்பிக்குது” என்றாள். கோபமாகக்கூட இல்லை. ஏறிக்கொண்டாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

அதைப் பற்றியே நினைத்துக்கொண்டு கடையில் ஒரு நல்ல பிரேமை உடைத்தேன். என் கையால் உடைந்த முதல் பிரேம். முதல் என்பது பொய். நினைவில் இருக்கிற முதல்.

ஒத்திகைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இடி வீட்டுக்கே வந்து, “பேஸ் இல்லாம டாக்டர் பாடுறதெல்லாம் வெளியில கேக்குது அத்தான், வந்துடுங்க” என்றான். சிரிப்பு வந்தது. போகவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

போனேன். பரணில் இருந்த தூணோடு. டும், டும். தலையைத் தொடவில்லை. டாக்டர், “அந்த யானை எங்க சார்?” என்றார். யானை ஓய்வு பெற்றுவிட்டது என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். உள் அறையிலிருந்து பேஸ் சத்தம். ஒரே பாட்டை அவள் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டம் வரும் என்று ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அந்த இடத்துக்கு முன்னால் சட்டென்று வேறு கம்பிக்குத் தாவி, மேலே ஏறி, வேறெங்கோ அதே சுரத்தை எடுத்து இறங்கினாள். வழுக்கியது. மறுபடி. மறுபடி வழுக்கியது. மறுபடி.

என் கையில் தேநீர் ஆறிப் போனது. உள்ளே போகவில்லை.

ஏப்ரல் 19, சனி

மாலையில் கூட்டம். கண்ணை நிமிர்த்தாமல் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒருவருக்கு மூக்குப் பட்டை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்து யார் என்றேன். தட்டில் ஒரு கண்ணாடி வந்து உட்கார்ந்தது. வலது கை தொய்ந்த கண்ணாடி.

வாண்டு. வரிசையில் நின்றுதான் வந்திருக்கிறாள்.

“இறங்கிட்டே இருக்கு. எல்லாம் கோணலாத் தெரியுது.”

கையில் எடுத்தேன். 

“ஹீட்டர் வேணுமா இதுக்கு?” என்று கேட்டாள்.

“வேணும். குளுந்து கிடக்கறப்போ வளைச்சா ஒடஞ்சிடும்.”

“எவ்வளவு நேரம்?”

“இளகற வரைக்கும்.”

“அதோட நிறுத்திடுவீங்களா?”

“நிறுத்திடுவேன்.”

கண்ணாடி இல்லாமல் அவளுக்கு என் முகம் தெரியாது. இருந்தும் என்னையேதான் பார்த்துக்கொண்டு நின்றாள். சூடு காட்டினேன். விரலில் இளக்கம் தெரிந்ததும் அணைத்தேன். வளைத்தேன். ஆறட்டும் என்று கையிலேயே வைத்திருந்தேன். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். செருமட்டும்.

போட்டுக்கொண்டாள். தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினாள். சுவரில் இருந்த பார்வைப் பலகையைப் பார்த்தாள். கிட்டே போகாமல், நின்ற இடத்திலிருந்தே கண்ணைச் சுருக்கி, கடைசி வரிக்குக் கீழே என் எறும்பு வரியை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தாள்.

“சரி, வீட்டுக்குப் போறேன் மாமா” என்றாள்.

போகும்போது தோளில் கிட்டார் உறை இருந்தது. வாசலில் கதவு இடிக்காமல் இருக்க அதன் தலையைக் கையால் பொத்திக்கொண்டு வெளியேறினாள்.

ஒரே தடவைதான் வளைத்தேன்.